கையால் சுற்றும் கருவிகளும் ‘சமைத்துப் பார்’ தந்த பாடமும்

விளைந்த தானியம் களத்துமேட்டிலேயே உணவாகி விடுவதில்லை. துவரை பருப்பாக வேண்டும். கம்பு மாவாக வேண்டும். அரிசி நொய்யாகவும் மாவாகவும் சேவையாகவும் மாற வேண்டும். இந்த வேலைகளை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தவை கையால் சுற்றும் கருவிகளே. திருகை, ஆட்டுக்கல், சேவை நாழி, காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின், தேங்காய் துருவும் மெஷின் என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு மூன்றாவது இருந்தன. இன்று இவற்றில் பல பரணிலும் மாட்டுக் கொட்டகை மூலையிலும் கிடக்கின்றன. சில பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போய்விட்டன.

பழையது என்பதற்காகப் போற்றுவதும் தவறு. பழையது என்பதற்காகக் கழித்துக் கட்டுவதும் தவறு. இக்கருவிகளில் எவை இன்றைய உழவர் குடும்பத்திற்குப் பணமும் சத்தும் மிச்சப்படுத்தும், எவற்றுக்கு விடை கொடுத்து விடலாம் என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கருவிகள் புழங்கிய காலத்துச் சமையலை அளவு போட்டு எழுதி வைத்த எஸ்.மீனாட்சி அம்மாளிடமிருந்து நாம் கற்றுக் கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அதையும் இங்கே பார்ப்போம்.

சுற்றுவதில் உள்ள சூத்திரம்

உலக்கையால் குத்தும்போது ஒவ்வொரு முறையும் உலக்கையைத் தூக்க வேண்டும். தூக்கும் உழைப்பில் தானியம் உடைவதில்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும்போது உழைப்பு இடைவிடாமல் வேலைக்குப் போகிறது. கைப்பிடி அச்சிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு நம் பலம் பெருகும். 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியைச் சுற்றினால், அச்சிலிருந்து 5 செ.மீ. தொலைவில் அரைபடும் கொட்டையின் மேல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசை விழும். திருகையின் மேல்கல் கனமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அந்தக் கனமே கல்லைத் தொடர்ந்து ஓட்டும்.

ஆனால் கைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நெடுநேரம் கையால் சுற்றும் ஒருவர் தரக்கூடிய ஆற்றல் சுமார் 30 முதல் 50 வாட் அளவே. வீட்டு மிக்சியின் மோட்டார் 500 முதல் 750 வாட் வரை இருக்கும். எனவே அளவு கூடிய வேலையில் கை மோட்டாரோடு போட்டியிட முடியாது. சிறிய அளவில், சூடேறாமல், அப்போதைக்கப்போது செய்ய வேண்டிய வேலையில்தான் கைக்கருவிக்கு இன்றும் இடமிருக்கிறது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக் கொண்டால் எதை வைத்துக் கொள்வது, எதை விடுவது என்பது எளிதில் விளங்கும்.

திருகையும் துவரையும்

திருகை, திருவை, இயந்திரம் என்று வட்டாரத்திற்கு ஒரு பெயரால் வழங்கும் இக்கருவியில் இரண்டு வட்டக் கற்கள் உள்ளன. அடிக்கல் அசையாது, அதன் நடுவில் அச்சு நிற்கும். மேல்கல்லின் குழியில் தானியத்தை இட்டுச் சுற்றினால், அது இரு கற்களுக்கும் இடையே நகர்ந்து விளிம்பு வழியாக வெளியே கொட்டும்.

மானாவாரி உழவர்கள் பலர் துவரையை அறுவடை முடிந்த கையோடு மூட்டையாக விற்றுவிட்டு, அடுத்த மாதமே கடையில் பருப்பாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். இடையில் உள்ள விலை வித்தியாசம் குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 200 கிராம் பருப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 73 கிலோ வேண்டும். பழைய முறையில் உடைக்கும்போது 100 கிலோ துவரையிலிருந்து 65 முதல் 75 கிலோ வரை பருப்பு கிடைக்கும். 70 கிலோ என்று கொண்டால், ஆண்டுத் தேவைக்குச் சுமார் 105 கிலோ துவரையை வீட்டுக்கு நிறுத்தி வைத்தால் போதும்.

இதில் லாபம் உண்டா என்பதை உங்கள் ஊர் விலையைக் கொண்டே கணக்கிடலாம். துவரையின் கிலோ விலையை 0.70-ஆல் வகுத்தால் வீட்டுப் பருப்பின் அடக்கவிலை வரும். துவரை கிலோ 70 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பருப்பின் அடக்கம் 100 ரூபாய். கடையில் பருப்பு 105 ரூபாய்க்குக் கிடைத்தால் வீட்டில் உடைப்பது வீண் உழைப்பு. 140 ரூபாய் விற்றால் கிலோவுக்கு 40 ரூபாய் மிச்சம். அதில் உழைப்பின் கூலியையும் கழித்துப் பார்க்க வேண்டும். உமி, பொட்டு, குருணை ஆகியவை கறவை மாட்டுக்குத் தீவனமாவதையும் வரவில் சேர்க்கலாம்.

செம்மண் கட்டி உடைக்கும் முறை நம் பெண்களுக்குப் பழக்கமானதே. துவரையை ஊறவைத்து வடித்து, குழைத்த செம்மண்ணில் புரட்டி, ஓர் இரவு குவியலாக மூடி வைத்து, பின்னர் 2 முதல் 4 நாட்கள் நல்ல வெயிலில் காயவைத்து, மண்ணைச் சலித்து நீக்கிவிட்டுத் திருகையில் இடுவார்கள். ஊறும்போது உப்பிய பருப்பு காயும்போது சுருங்குவதால் தோல் தளர்ந்து எளிதில் கழலுகிறது. ஈரம் மிச்சமிருந்தால் பருப்பு நசுங்குமே தவிர உடையாது. ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள்; ‘டொக்’ என்ற ஓசையோடு இரண்டாகப் பிளந்தால் பதம் சரி.

உடைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பயறு வண்டு முழுப் பயறின் மேல் முட்டையிட்டு, புழுவாக உள்ளே துளைத்து வளரும் பூச்சி. உடைத்த பருப்பு அதற்கு உகந்த இடமல்ல. ஆகவே அறுவடையான சில வாரங்களுக்குள் உடைத்து வைத்தால் சேதம் பெருமளவு குறையும். விதைக்கும் முழுப் பயறாகவும் வைக்க வேண்டியதைத் தனியே பிரித்து நன்றாகக் காயவைக்க வேண்டும். உணவுக்கு வைக்கும் முழுப் பயறில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. சமையல் எண்ணெயைப் பிசறி வைத்தால் வண்டு முட்டையிடுவது குறையும்.

கம்புக்கு ஏன் கைக்கல்?

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பிறகு நகரங்களிலும் கம்பு மாவு வாங்குவோர் கூடியிருக்கிறார்கள். வாங்கியவர்கள் சொல்லும் முதல் குறை, மாவு சில நாட்களில் கசக்கிறது என்பதே.

இதற்குக் கலப்படம் காரணமல்ல. கம்பில் கொழுப்பு 5 சதவீதம் அளவில் இருக்கிறது. கேழ்வரகில் அது 2 சதவீதத்திற்கும் குறைவு. மணியாக இருக்கும்வரை கம்பின் கொழுப்பும், அதைச் சிதைக்கும் நொதிகளும் தனித்தனியே அடங்கிக் கிடக்கும். அரைத்தவுடன் இரண்டும் கலந்து, காற்றும் சேர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் சிக்கு வாடையும் கசப்பும் தோன்றுகின்றன. நம் பாட்டிமார் கம்பை அன்றன்றைக்கு இடித்தும் அரைத்தும் சமைத்தது வேலை இல்லாமல் அல்ல. மாவு கெடும் என்பது அனுபவத்தில் தெரிந்ததால்தான். கேழ்வரகை மட்டும் மொத்தமாக அரைத்து வைத்துக் கொண்டார்கள். இந்த வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ச்சி பின்னாளில் விளக்கியது.

ஆகவே கம்பு உண்ணும் குடும்பத்திற்கு ஒரு சிறிய கைத்திருகை இன்றும் பயன் தரும். இரண்டு மூன்று நாட்களுக்கு வேண்டிய மாவைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அரைத்துக் கொள்ளலாம். விற்பனைக்கு மாவு தயாரிக்கும் மகளிர் குழுக்கள், கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே பரப்பி நன்றாக உலர்த்தி, பின்னர் அரைத்தால் நொதிகள் பெரும்பாலும் செயலிழந்து மாவு கூடுதல் நாட்கள் தாங்கும்.

சேவை நாழி, துருவி, காப்பி மெஷின்

முக்காலியில் நிற்கும் சேவை நாழி ஒரு நல்ல பொறியியல் கருவி. வெந்த மாவைக் குழலில் அடைத்து மேலே உள்ள கைப்பிடியைத் திருகினால், திருகுத் தண்டு சிறிது சிறிதாக இறங்கி மாவைத் துளைகள் வழியே பிதுக்கும். உள்ளங்கையால் அழுத்தும் அச்சில் தோள்வலியோடு செய்யும் வேலையை இதில் விரல் பிடியாலேயே செய்யலாம். கொங்கு நாட்டில் சந்தகை பிழியவும் இத்தகைய கருவி உண்டு. மாவு ஆறிவிட்டால் இறுகிப் பிழிய வராது. சூட்டோடு பிழிய வேண்டும் என்பது மட்டுமே விதி.

மேசை விளிம்பில் பொருத்திச் சுற்றும் தேங்காய்த் துருவி, அரிவாள்மனையில் குந்தி உட்கார முடியாத முதியவர்களுக்கு ஏற்றது. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துச் சுற்றும்போது விரல்கள் ஓட்டின் வெளிப்புறத்திலேயே இருக்க வேண்டும். குழந்தைகளிடம் இதைக் கொடுக்கலாகாது.

காப்பிக்கு நம் வீடுகளில் இரண்டு கைச்சக்கரங்கள் இருந்தன. ஒன்று, கரி அடுப்பின் மேல் சுழலும் வறுக்கும் உருளை. மற்றது, சுவரிலோ மேசையிலோ பொருத்திய அரைக்கும் மெஷின். பச்சைக் கொட்டை வறுபடும்போது 15 முதல் 20 சதவீதம் எடை குறையும். உருளையை இடைவிடாமல் சுற்றினால்தான் எல்லாக் கொட்டையும் ஒரே நிறம் பெறும். கொட்டை வெடிக்கும் ஓசை கேட்கத் தொடங்கியதும் கவனம் வேண்டும். அதன்பின் ஓரிரு நிமிடங்களில் பதம் மாறிவிடும். அரைக்கும் மெஷினுக்குள் பல்வெட்டிய கூம்பு ஒன்று பல்வெட்டிய வளையத்திற்குள் சுழலும். திருகை முடுக்கினால் தூள் நைசாகும்; தளர்த்தினால் கொரகொரப்பாகும். வறுத்த கொட்டை பல நாட்கள் மணம் காக்கும். தூளோ காற்றுப்படும் பரப்பு கூடுவதால் விரைவில் மணம் இழக்கும். சேர்வராயன், பழனி, நீலகிரி மலைகளில் காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள் தங்கள் கொட்டையைத் தாங்களே வறுத்து ருசி பார்க்க இக்கருவிகள் போதும். தன் தோட்டத்துக் காப்பியின் ருசி தெரிந்த விவசாயி, பதப்படுத்தும்போது நேரும் குறையை வியாபாரி சொல்வதற்கு முன்பே கண்டு கொள்வார்.

மேலை நாட்டில் நடந்தது

மேலை நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டு, வார்ப்பிரும்புக் கைச்சக்கரங்களின் காலம். அமெரிக்காவில் 1843-ல் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் ஐஸ்கிரீம் கருவிக்கு உரிமை பெற்றார். 1870-ல் டர்னர் வில்லியம்ஸ் இரட்டைச் சக்கர முட்டை அடிப்பானுக்கு உரிமை பெற்றார். பிரான்சில் 1932-ல் ழான் மாந்தலே காய்கறி மசிக்கும் கைச்சக்கரத்தைச் செய்தார். பின்னாளில் ‘முலினெக்ஸ்’ என்ற பெயரில் மின்கருவிகளுக்குப் புகழ்பெற்ற நிறுவனம் அந்தச் சக்கரத்திலிருந்து வளர்ந்ததே. கைம்மா அரைக்கும் மெஷினும் காப்பி மெஷினும் நம் நகரங்களுக்கு வந்தது இந்த வழியில்தான்.

நம்மிடம் மாற்றம் கல்லிலிருந்தே தொடங்கியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி 1955-ல் மின்சாரத்தால் ஓடும் ஈரமாவு கிரைண்டரை உருவாக்கினார். குழவி நிற்க, கல்லே சுற்றும் அமைப்பு அது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 1960-களில் மிக்சி வந்தது. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், குக்கிராமத்துக் குடிசையிலும் ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு கிடைத்தது.

அந்த ஓய்வைக் குறை கூறுவதற்கில்லை. விடியற்காலை எழுந்து மாவாட்டி, இடித்து, தண்ணீர் சுமந்து, பிறகு களையெடுக்கப் போன பெண்களின் முதுகும் தோளும் தேய்ந்தது நமக்குத் தெரியும். கல்லைச் சுற்றுவதைவிட, எதிரே உட்கார்ந்து கைகொடுக்க இன்று ஆள் இல்லை என்பதே மூதாட்டிகள் பலரின் குறை. வீட்டு ஆண்கள் கைப்பிடியைப் பிடிக்கத் தயாராக இல்லாவிட்டால், கைக்கருவியைப் பற்றி அறிவுரை சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை.

மீனாட்சி அம்மாள் செய்த காரியம்

கருவி மாறும்போது அதனோடு சேர்ந்த அறிவும் தொலைந்து போகிறது. அவ்வாறு தொலையாமல் காத்தவர்களில் ஒருவர் எஸ்.மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சென்னைக் குடும்பம் ஒன்றில் சமையலில் தேர்ந்து விளங்கினார். உறவினர்கள் கடிதம் எழுதிச் செய்முறை கேட்பதும், அவர் பதில் எழுதுவதும் வழக்கமாயின. இதைக் கண்ட அவருடைய மாமா கே.வி.கிருஷ்ணசுவாமி ஐயர், எல்லாவற்றையும் புத்தகமாக எழுதும்படி ஊக்குவித்தார். 1951-ல் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் வெளிவந்தது. அடுத்தடுத்த பாகங்களும் வந்தன, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. 1962-ல் அவர் காலமானார். புத்தகம் இன்றும் விற்பனையாகிறது. புதிதாய் மணமாகி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அது இடம்பெற்றது.

விரிவாக்கப் பணியில் உள்ள எங்களுக்கு அந்தப் புத்தகத்தில் வியப்பூட்டுவது ருசி அல்ல, முறை. ‘கை அளவு’, ‘கண் அளவு’, ‘கொஞ்சம்’ என்று வாய்வழியாக வந்த சமையலை, இன்ன பொருள் இத்தனை, முதலில் இது, அடுத்தது இது என்று வரிசைப்படுத்தினார். கேட்டவர் யார், அவருக்கு எது தெரியாது என்பதை உணர்ந்து எழுதினார். நாங்கள் ஏக்கருக்கு இத்தனை கிலோ விதை, இத்தனையாம் நாள் மேலுரம் என்று துண்டுப் பிரசுரம் எழுதுகிறோமே, அதே வேலைதான். அதை அவர் எந்தப் பட்டமும் இன்றி, சமையலறையிலிருந்து செய்தார்.

அவர் எழுதிய காலத்து அளவுகள் ஆழாக்கும் பலமும் வீசையும். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில் பழைய அளவுகள் சந்தையிலிருந்து விலகின. பழைய குறிப்புகளைப் படிப்போர் இவ்வாறு மாற்றிக் கொள்ளலாம்: 1 பலம் ஏறத்தாழ 35 கிராம், 40 பலம் கொண்ட 1 வீசை ஏறத்தாழ 1.4 கிலோ, 1 ஆழாக்கு ஏறத்தாழ 200 மி.லி.; 8 ஆழாக்கு 1 படி. படி ஊருக்கு ஊர் சற்று வேறுபட்டதால், வீட்டில் பழைய படி இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்து கொள்வது நல்லது.

எதை வைத்துக் கொள்ளலாம்?

சொந்தத் துவரை, உளுந்து, பாசிப்பயறு விளைவிப்போரும் கம்பு உண்போரும் திருகையை வைத்துக் கொள்ளலாம். சேவை நாழியும் துருவியும் எல்லா வீட்டுக்கும் ஏற்றவை. காப்பி மெஷின், கொட்டையாக வாங்குவோருக்கு மட்டும். இட்லி மாவுக்கு ஆட்டுக்கல் வேண்டியதில்லை. மின் கிரைண்டரும் கல்லே, மெதுவாகச் சுற்றுவதே. ஒரு மூட்டைக்கு மேல் உடைப்பதானால் திருகையை நம்ப வேண்டாம். ஊரில் நாலைந்து குடும்பம் சேர்ந்து சிறு பருப்பு உடைக்கும் மெஷினில் கொடுத்து உடைப்பதே சிக்கனம். அதில் பருப்பின் அளவும் கூடும்.

பரணிலிருந்து இறக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நெடுநாள் கிடந்த திருகையைக் கல்கொத்துபவரிடம் கொடுத்துக் கொத்த வேண்டும். கொத்தியபின் கழுவிக் காயவைத்து, இரண்டு மூன்று முறை ஒரு பிடி அரிசியோ தவிடோ இட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். கல்துகள் போனபிறகே உணவுக்கு அரைக்கலாம்.

2. வார்ப்பிரும்புக் கருவிகளின் உட்புறம் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பூச்சு தேய்ந்தால் துரு பிடிக்கும். கழுவியவுடன் துடைத்து வெயிலில் காயவைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாம். உணவு படும் பாகங்களில் மெஷின் எண்ணெய், கிரீஸ் தடவக் கூடாது.

3. பித்தளை நாழியில் ஈரமோ புளிப்போ தங்கினால் களிம்பு ஏறும். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி உடனே உலர்த்துங்கள். ஈயம் பூசுவோரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்து கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

4. பழைய காப்பி மெஷின் கிண்ணத்தில் வண்ணப்பூச்சு உரிந்து கொண்டிருந்தால் அதை உபயோகிக்க வேண்டாம். பழைய பெயின்ட்டில் காரீயம் கலந்திருக்கக் கூடும்.

5. சுற்றுபவர் தோளுக்குக் கீழே கைப்பிடி இருக்குமாறு கருவியைப் பொருத்துங்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கை மாற்றிச் சுற்றினால் வலி குறையும்.

வீட்டுக்கொரு குறிப்பேடு

உங்கள் வீட்டு மூதாட்டிக்குத் துவரையை எத்தனை நாழிகை ஊறவைப்பது, எந்த மண் நல்லது, கம்பங்களிக்கு எத்தனை பங்கு நீர், எந்த ரகத்து அரிசி சேவைக்கு அறுந்து போகாது என்பதெல்லாம் தெரியும். அவர் காலத்தோடு அவை போய்விட்டால் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் திருப்பித் தர முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அவர் கைப்பிடியால் அள்ளுவதைத் தராசில் நிறுத்துக் கிராமில் எழுதுங்கள். சொம்பால் ஊற்றுவதை அளந்து மில்லியில் எழுதுங்கள். தானியத்தின் ரகம், அறுவடை மாதம், காயவைத்த நாட்கள் ஆகியவற்றையும் குறியுங்கள். எழுதியதைப் பார்த்துச் சமையல் தெரியாத ஒருவர் செய்து பார்க்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அந்த இடத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

பருப்போ மாவோ விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுக்களுக்கு இந்தக் குறிப்பேடே முதல் மூலதனம். ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் பொருள் வந்தால்தான் வாங்கியவர் மறுமுறையும் வருவார். விற்பனை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும். பயிற்சிக்கு அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

தை, மாசியில் துவரை களத்திற்கு வரும். அதற்குள் திருகையைக் கொத்தி வைத்து, முதல் பத்துக் கிலோவை மட்டும் வீட்டில் உடைத்து, கிடைத்த பருப்பையும் செலவான நேரத்தையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். மீதி மூட்டையை உடைப்பதா, விற்பதா என்பதை அந்தக் கணக்கே உங்களுக்குச் சொல்லிவிடும்.